விசருக்கு மருந்து வந்த கதை



வருசப்பிறப்பு என்றவுடன் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மருத்துநீர். அதைத் தலையில் வைத்து முழுகினால்தான் புது வருசம் பிறந்த மாதிரி. குளிர் விட்டுப் போகாத ரொறன்ரோவிலும் கோயிலில் வாங்கி வந்து வைக்கிறோம். மருந்து என்றால் எங்கட சனத்துக்கு அவ்வளவு பற்று. தடிமனுக்குக் கொத்தமல்லி, வயிற்றுக்குத்துக்கு ஓமம். இங்கிலீசு மருந்திலும் குறை வைக்கிறதில்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் நாலு பேர் சேர்ந்தால், யாருக்கு எத்தனை மில்லிகிராம் பிறெசர்க் குளுசை, யாருக்குச் சீனி எவ்வளவு என்று சத்தமாகவே கதைப்பினம்.

ஆனால் ஒரு வகைக் குளுசை மட்டும் போத்தலின் லேபல் கிழிக்கப்பட்டு உடுப்பு அலுமாரிக்குள் ஒளிந்திருக்கிறது. அதுதான் மனநோய்க்கும் மூளை நரம்பு நோய்க்கும் போடுகிற குளுசை. கட்டிய மனிசிக்குத் தெரியாமல், மாமி வீட்டுக்குத் தெரியாமல், சில வேளை பெற்ற தாய்க்கும் தெரியாமல் போடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். மற்றவர் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இடையில் நிற்பாட்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் டொக்டர் இல்லை. ஏ.எல். வரை படித்து, இங்கே பாக்ரறியில் வேலை செய்பவன். வாசித்து அறிந்ததை என்னைப் போன்றவர்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன். இந்த மருந்துகளின் சரித்திரத்தில் எங்கட பக்கத்து வேர் ஒன்று இருக்கிறது. நாடு விட்டு ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ரொறன்ரோ நகரமும் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தால் ஒளிக்க வேண்டிய அவசியம் கொஞ்சமாவது குறையும் என்பது என் எண்ணம். "விசர்" என்ற சொல் ஆக்களை நோகப் பண்ணும் சொல்தான். எங்கட வாயில் புழங்குகிற சொல் அது என்பதால், அதை வைத்தே கதையைத் தொடங்குகிறேன்.

அங்கொடையும் 999 உம்

இலங்கையில் பிறந்தவர்களுக்கு அங்கொடை என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் 1920களில் கட்டப்பட்ட மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. இப்போது அது தேசிய மனநல நிறுவகம். ஆனாலும் சண்டை பிடிக்கும்போது "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று சொல்லுவது இன்னும் நிற்கவில்லை. ஓர் ஊரின் பெயரே பேச்சு வாங்குகிற சொல்லாகிப் போச்சு.

இது எங்கட சனத்தின் குணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ரொறன்ரோவிலும் இதே கதைதான். குயின் வீதி மேற்கில் ஒசிங்ரன் சந்திக்குக் கிட்ட, 1850 இல் மனநோயாளருக்கான பெரிய ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அதன் விலாசம் 999 குயின் வீதி மேற்கு. காலம் போகப் போக "999" என்ற இலக்கமே இந்நகரத்து ஆக்களுக்கு அங்கொடை மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளை வெருட்டவும் பகிடி பண்ணவும் அந்த இலக்கத்தைச் சொன்னார்கள். கடைசியில் 1979 இல் இலக்கத்தையே 1001 என்று மாற்றினார்கள். பழைய கட்டடம் 1970களில் இடிக்கப்பட்டது. இப்போது அதே காணியில் இருப்பது, 1998 இல் சில நிறுவனங்களை ஒன்றாக்கி உருவாக்கிய, காம்ஹ் என்று எல்லோரும் சொல்லும் மனநல மையம்.

அங்கே போனால் பழைய செங்கல் மதிலின் பகுதிகளை இன்றும் பார்க்கலாம். 19 ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர்கள் உள்ளே இருந்த நோயாளிகள்தான். கூலி ஒரு சதமும் இல்லை. தங்களை மறைக்கிற மதிலைத் தாங்களே கட்டினார்கள்.

மருந்துக்கு முந்திய காலம்

அந்தக் காலத்தில் டொக்டர்மாரிடம் கொடுப்பதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. புறோமைட், பார்பிற்றியூறேற் போன்ற மருந்துகளால் ஆளைத் தூங்க வைக்கலாம். நோயை ஒன்றும் செய்ய முடியாது. 1930களில் இன்சுலின் ஊசியைக் கூடப் போட்டு மயக்கத்துக்குக் கொண்டு போனார்கள். 1938 இல் மின் அதிர்ச்சி வைத்தியம் வந்தது. அது திருத்தப்பட்டு, மயக்க மருந்தோடு இன்றும் சிலருக்குப் பயன்படுகிறது. மூளையின் முன்பக்க நரம்புகளை வெட்டிவிடும் சத்திரசிகிச்சைக்கு 1949 இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். பிறகு அதன் கெடுதிகளைக் கண்டு கைவிட்டார்கள்.

ஊரில் எங்கட ஆக்கள் பேய்க்குப் பார்த்தார்கள், கழிப்புக் கழித்தார்கள், வேப்பிலையால் அடித்தார்கள். இரண்டு பக்கத்திலும் பாவப்பட்டது நோயாளிதான்.

ஒரு வேரின் பயணம்

சர்ப்பகந்தா என்பது ஒரு சிறிய செடி. சிங்களத்தில் ஏகவேரிய என்பார்கள். அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ எல்லாம் சேர்ந்த தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வேரை ஆயுள்வேதத்தில் பாம்புக்கடிக்கும் நித்திரைக்கும் மனக்குழப்பத்துக்கும் பாவித்தார்கள். பீகார் பக்கத்தில் இதற்குப் பெயரே "பாகல் கி தவா". எங்கட பாசையில் சொன்னால் "விசர் மருந்து"!

1931 இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வைத்தியர்கள், இந்த வேர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே காலத்தில் டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்ற இரசாயன அறிஞர் வேரில் இருந்து சில பொருட்களைப் பிரித்தெடுத்தார். அதில் ஒன்றுக்குத் தனக்கு ஆதரவு தந்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இவர்களின் வேலையை மேல்நாட்டில் அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1949 இல் பம்பாய் இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், இந்த வேரை இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிஸ் நாட்டில், பாசல் நகரத்தின் சீபா கொம்பனி, வேரின் சத்தை றிசேர்ப்பின் என்ற பெயரில் தனியாகப் பிரித்தெடுத்தது. நியூயோர்க் மாநிலத்தில் நேதன் கிளைன் என்ற மனநோய் வைத்தியர் அதைத் தன் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்து 1954 இல் அறிக்கை எழுதினார். வருசக்கணக்காய்க் கத்திக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருந்தவர்களில் பலர் அமைதியானார்கள்.

மொன்றியலில் ஓர் அகதி

அதே நேரத்தில் பிரான்சில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. றோன் பூலாங் என்ற கொம்பனியின் ஆய்வுகூடத்தில், போல் சார்பான்ரியே என்பவர் 1950 டிசம்பரில் குளோர்புறோமசின் என்ற மருந்தைச் செய்தார். ஒப்பரேசனுக்கு முன் உடம்பை ஆறுதல்படுத்தக் கடற்படைச் சத்திரசிகிச்சை வைத்தியர் லபோறி அதைப் பாவித்தார். நோயாளிகள் மயங்காமலே பதற்றம் இல்லாமல் இருப்பதைக் கண்டு, மனநோய்க்கும் பார்க்கச் சொன்னார். 1952 இல் பரிசில் டிலே, டெனிக்கர் என்ற இருவர் அதை மனநோயாளருக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

கனடாவுக்கு அந்த மருந்து வந்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஹைன்ஸ் லேமன் என்பவர் 1911 இல் ஜேர்மனியில் பிறந்தவர். நாசிகளிடம் தப்பி 1937 இல் கனடாவுக்கு ஓடி வந்தவர். பனிச்சறுக்கு விளையாட விடுமுறைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் ஜேர்மனியை விட்டு வெளிக்கிட்டாராம். எத்தனையோ பொய்ப் பயணம் சொல்லி வெளிக்கிட்ட எங்களுக்கு இது புதுக்கதையா? மொன்றியலுக்குப் பக்கத்தில் வேர்டன் புரட்டஸ்தாந்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஒரு வைத்தியருக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள்.

1953 இல் மருந்துக் கொம்பனி ஆள் ஒருவர் சில பிரெஞ்சுக் கட்டுரைகளை அவருடைய ஒபிசில் வைத்துவிட்டுப் போனார். லேமனின் மனைவி பிரெஞ்சுக் கனேடியர் என்பதால் அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குளியல் தொட்டிக்குள் இருந்தபடியே அதை வாசித்தாராம். முதலில் விருப்பத்தோடு முன்வந்த தாதிமாருக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு வைத்தியரான ஹன்றஹனோடு சேர்ந்து 71 நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில கிழமைகளுக்குள் குரல் கேட்பதும் வெறி கொள்வதும் பலருக்குக் குறைந்தது. அந்த அறிக்கை 1954 இல் வெளிவந்தது.

ஒன்ராறியோவும் பின்னுக்கு நிற்கவில்லை. எங்கட ஆக்கள் காரில் போய்வருகிற ஒஷாவாவில், பொது ஆஸ்பத்திரியில் வேலை செய்த றூத் காயாண்டர் என்ற பெண் வைத்தியர் அதே மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்து, 1953 நவம்பரிலேயே ஒன்ராறியோ வைத்தியர் கூட்டத்தில் சொல்லிவிட்டார். அவரும் 1952 இல் ஜேர்மனியில் இருந்து வந்து குடியேறியவர். வட அமெரிக்காவில் இதை முதலில் அறிவித்தவர் அவர் என்றாலும் பெயர் எடுத்தவர் லேமன். 1957 இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு இத்துறையில் வேலை செய்த பலருக்குக் கொடுக்கப்பட்டது. அதில் மொன்றியல் லேமனும் பம்பாய் வக்கீலும் ஒன்றாக இருந்தார்கள்.

முயலும் பூனைக்காலியும்

மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தது. எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க உதவியதும் சர்ப்பகந்தாதான்.

சுவீடனில் ஆவிட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி 1957 இல் முயல்களுக்கு றிசேர்ப்பின் ஊசி போட்டார். முயல்கள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. பிறகு டோபா என்ற பொருளை ஊசியாய்ப் போட்டார். கொஞ்ச நேரத்தில் காதை நிமிர்த்தி எழும்பி நடந்தன! இதற்காக 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இதை எங்கட பாக்ரறியை வைத்து விளங்கப்படுத்துகிறேன். மூளையின் ஒரு நரம்பு மற்ற நரம்புக்குச் செய்தி சொல்ல, டோபமீன் போன்ற சாமான்களை அனுப்புகிறது. அந்தச் சாமான் நரம்பு நுனியில் உள்ள ஸ்ரோரில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். றிசேர்ப்பின் போய் ஸ்ரோரை வெறுமையாக்கிவிடும். சாமான் இல்லை என்றால் லைன் நிற்கும். டோபா என்பது டோபமீன் செய்கிற மூலப்பொருள். அது வந்தவுடன் லைன் திரும்ப ஓடுகிறது.

டோபாவுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பூனைக்காலிக் கொடி தெரியும்தானே? காயில் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் கடிக்கும். அதன் விதையைச் சித்த வைத்தியத்தில் பாவிப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த தாமோதரன், இராமசாமி என்ற இருவர், அந்த விதையில் இருந்து இதே டோபாவைப் பிரித்தெடுத்து 1937 இலேயே பிரித்தானிய இதழில் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த அடி வியன்னாவில். ஓலே ஹொர்னிகீவிச் 1926 இல் இன்றைய உக்ரேனில் பிறந்து, யுத்தம் வந்தபோது சிறு வயதிலேயே குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போனவர். பார்க்கின்சன் எனப்படும் நடுக்கு நோயால் இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்து, அங்கே டோபமீன் மிகக் குறைந்து போயிருப்பதை 1960 இல் எழுதினார். 1961 இல் பேர்க்மையர் என்ற வைத்தியரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டார். படுக்கையில் கிடந்த சிலர் எழும்பி நடந்தார்கள். இன்று எங்கட அப்புமார் ஆச்சிமார் கை நடுக்கத்துக்கு மூன்று நேரம் போடுகிற குளுசையின் தொடக்கம் அதுதான். அந்த ஹொர்னிகீவிச் 1960களின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்திலும் கிளார்க் மனநோய் நிறுவனத்திலும் வேலை செய்தார்.

இதே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பிலிப் சீமன் என்பவர் 1975 இல் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். குளோர்புறோமசினும் அதன் பிறகு வந்த ஹலோபெரிடோல் போன்றவையும் மூளையில் எங்கே போய் ஒட்டுகின்றன என்று தேடினார். டோபமீன் வந்து சேருகிற பூட்டில்தான் அவை போய் அடைக்கின்றன என்று காட்டினார். அதாவது றிசேர்ப்பின் ஸ்ரோரை வெறுமையாக்கும், குளோர்புறோமசின் கதவின் சாவித் துவாரத்தை அடைக்கும். இரண்டும் வேறு வழி. போய்ச் சேரும் இடம் கிட்டத்தட்ட ஒன்று. டோபமீன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால் விசர் என்பது பேயும் இல்லை, பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை. மூளை என்ற உறுப்பில் வருகிற வருத்தம் என்று சொல்லுவதற்கு இது ஒரு பலமான சாட்சி.

மருந்தின் மறுபக்கம்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது சரித்திரம் ஆகாது. றிசேர்ப்பின் எடுத்த சிலர் கடும் மனச்சோர்வுக்குள் விழுவதாக 1950களிலேயே எழுதினார்கள். இரத்த அழுத்தமும் கூட விழுந்தது. அதனால் மனநோய்க்கு அதைக் கொடுப்பது கைவிடப்பட்டது. எனவே நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா வேர் தேடிப் போய்விடாதீர்கள். வேரில் இருந்து வந்தது என்பதற்காக ஒன்று சாதுவாகி விடாது.

குளோர்புறோமசின் வகையும் சும்மா இல்லை. கை கால் விறைப்பு, நடுக்கம், கனகாலம் பாவித்தால் வாய் தானாகவே அசைவது என்று கெடுதிகள் உண்டு. பின்னர் வந்த மருந்துகளில் சில உடம்பை ஊதப் பண்ணும், சீனியைக் கூட்டும். குளோசபின் என்ற மருந்து, மற்ற எதுவும் கேட்காதவர்களுக்கும் கேட்டது. ஆனால் 1975 இல் பின்லாந்தில் சிலர் வெள்ளை இரத்த அணுக்கள் குறைந்து இறந்ததால் பல நாடுகளில் நிற்பாட்டப்பட்டது. 1988 இல் நடந்த ஆய்வுக்குப் பிறகு, ஒழுங்காக இரத்தம் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்பவர் 1949 இல் கண்ட லிதியமும் அப்படித்தான். சிங்கப்பூரில் யப்பானியரின் சிறை முகாமில் மூன்றரை வருசம் கிடந்து மீண்டவர் அவர். மனம் மேலும் கீழுமாய் ஆடும் நோய்க்கு லிதியம் அருமையான மருந்து. அளவு கூடினால் நஞ்சு.

இன்னொரு பிழை மருந்தால் வந்தது இல்லை, அரசாங்கங்களால் வந்தது. 1955 இல் அமெரிக்காவின் மாநில மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 5 இலட்சத்து 59 ஆயிரம் பேர் இருந்தார்கள். 20 வருசத்தில் அது 2 இலட்சத்துக்குக் கீழே வந்தது. மருந்து மட்டும் காரணம் இல்லையென்றாலும் மருந்து இல்லாமல் அது நடந்திருக்காது. கதவைத் திறந்தார்கள், சரி. வெளியில் வீடும் வேலையும் கவனிக்க ஆளும் வேண்டாமா? ரொறன்ரோவில் லேக்சோர் ஆஸ்பத்திரி 1979 இல் மூடப்பட்டது. அங்கிருந்தும் குயின் வீதியில் இருந்தும் வந்தவர்கள் பார்க்டேல் பகுதியின் வாடகை அறைகளில் நெருக்கமாய்க் கிடந்தார்கள். மதில் போனது, ஆனால் தனிமை போகவில்லை.

வலிப்பும் கலியாணமும்

வலிப்புக்கு மருந்து இதற்கு முன்பே வந்துவிட்டது. 1912 இல் பீனோபார்பிற்றோன், 1938 இல் பெனிற்றோயின். வலிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஒழுங்காகக் குளுசை போட்டால் வலிப்பு இல்லாமல் வாழலாம். ஆனால் எங்கட கலியாணச் சந்தையில் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

என்னோடு ஒரே லைனில் நின்ற தம்பி ஒருவருக்கு வலிப்பு இருந்தது. குளுசையால் அஞ்சு வருசமாய் வலிப்பு வரவே இல்லை. கலியாணம் பேசி வந்தபோது, பெண் வீட்டார் கண்டுவிடுவார்கள் என்று சொந்தக்காரர் சொல்ல, ஒரு நாளில் நிற்பாட்டினார். மூன்றாம் கிழமை இரவு ஷிவ்ற்றில், கொன்கிறீற் நிலத்தில் விழுந்தார். மெசினுக்கு இரண்டடி தள்ளி விழுந்ததால் ஆள் தப்பியது. அவரை விழுத்தியது வலிப்பு என்பதா, வெட்கம் என்பதா? வலிப்பு மருந்தைத் திடீரென்று நிற்பாட்டினால் முன்பை விடக் கடுமையாக வரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கட சனத்துக்கு

நாங்கள் சும்மா வந்த சனம் இல்லை. செல்லடி, சிறை, காணாமற் போனவர்கள், கடற்பயணம், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. ரொறன்ரோத் தமிழர் பற்றி மோர்ட்டன் பைசரும் மற்றவர்களும் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் 12 பேருக்கு யுத்தம் போன்ற கொடுமைகளால் வரும் மன வடு நோய் இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவர்தான் வைத்தியம் எடுத்திருந்தார். மற்ற ஒன்பது பேரும் எங்கே போனார்கள்? எங்களோடுதான் இருந்தார்கள். வேலைக்குப் போனார்கள், இரவில் நித்திரை இல்லாமல் முகட்டைப் பார்த்தார்கள்.

மருந்து கிடைத்தும் எடுக்காமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, கிடைக்காமல் இருந்தவர்களுக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பனடோலுக்கே தட்டுப்பாடு. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஒரு கொட்டில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் இறந்தார்கள். குளோர்புறோமசின் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்தது இது. மருந்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. நோயாளியின் கைக்கு அது போய்ச் சேர வேணும், அவர் அதை வெட்கப்படாமல் எடுக்க வீட்டுக்காரர் விட வேணும்.

கோயிலுக்குப் போங்கள், நேர்த்தி வையுங்கள், அதில் பிழை இல்லை. குளுசையையும் போடுங்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாக நிற்பாட்டாதீர்கள். நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். குளுசை மட்டும் போதும் என்றும் இல்லை. கதைப்பதற்கு ஆள் வேணும், போவதற்கு வேலை வேணும், கொண்டாட்டத்துக்குக் கூப்பிட உறவு வேணும்.

இந்த வருசப்பிறப்புக்குக் கைவிசேடம் கொடுக்கப் போகிற வீடுகளில், எங்கட கண்ணுக்கு வராமல் அறைக்குள் இருக்கிற ஒருவரும் இருக்கக்கூடும். அவரையும் கேட்டு விசாரியுங்கள். சீனிக் குளுசை பற்றிக் கதைக்கிற அதே குரலில் அவருடைய குளுசை பற்றியும் கதைக்கிற நாள் எங்களுக்குள் வர வேணும்.